125 மடங்கு ஜூம், 67 மில்லிமீட்டர் கண்ணாடி

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கேமராவோடு நிற்பவருக்கு முதல் சிக்கல் தூரம். நாரைகள் கூடு கட்டியிருக்கும் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. கரையை விட்டு இறங்க முடியாது. பதுங்கிப் பதுங்கிப் பறவையை நெருங்கும் வித்தை இங்கே செல்லாது. இந்த மாதிரி இடத்துக்கென்றே செய்ததுபோல இருப்பது சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமரா. இதில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. நிக்கான் 2015-இல் கொண்டுவந்த கூல்பிக்ஸ் பி900, 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரை 83 மடங்கு ஜூம் ஆனது. 2018-இல் வந்த பி1000, 125 மடங்கு ஜூம் ஆகி 3000 மி.மீ.யைத் தொட்டது. அதன் எடை 1,415 கிராம்தான்.

கேமராவின் சிறிய திரையில் படம் அசத்தலாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் முகம் வாடிவிடும். இறகு இறகாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஈரத் தூரிகையால் தடவியதுபோல ஒரு பூச்சு. “சென்சார் சின்னது, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதி லென்ஸின் விட்டத்தில் இருக்கிறது.

முதலில் அந்த 3000 என்ற எண்ணைப் பார்ப்போம். பி1000-இன் லென்ஸ் உண்மையில் 539 மி.மீ. குவியத் தூரம் (லென்ஸ் காட்சியை எவ்வளவு இழுத்துக் காட்டும் என்பதன் அளவு) கொண்டது. அதன் சென்சார் 6.17 மி.மீ. அகலம், 4.55 மி.மீ. உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பெரிய கேமராக்களில் இருக்கும் 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பில் ஏறக்குறைய 31-இல் ஒரு பங்கு. இத்தனை சின்னத் துண்டு காட்சியின் மிகக் குறுகிய பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால், ஃபுல் ஃபிரேமில் 3000 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே சட்டகம் கிடைக்கிறது. 50 மீட்டர் தொலைவில் அந்தச் சட்டகத்தின் அகலம் 57 செ.மீ. மட்டுமே.

குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். முழு ஜூமில் பி1000 எஃப் 8, ஆகவே 539-ஐ 8-ஆல் வகுக்க 67 மி.மீ. வருகிறது. பி900-க்கு 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. ஒரு அங்குல வகைச் சென்சார் கொண்ட சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, 600 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது. அதன் உண்மைக் குவியத் தூரம் 220, எஃப் 4. விடை அதே 55 மி.மீ. கேனான் எஸ்எக்ஸ்70 பெட்டியில் 1365 மி.மீ. என்று போட்டிருக்கும். 247-ஐ 6.5-ஆல் வகுத்தால் 38 மி.மீ.தான் தேறுகிறது. கடையில் பெட்டியைப் புரட்டிப் பார்ப்பவர் ஜூம் மடங்கை விட்டுவிட்டு இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிடலாம். உண்மைக் குவியத் தூரமும் எஃப் எண்ணும் லென்ஸின் முகப்பிலேயே பொறித்திருக்கும்.

இந்த விட்டம்தான் நுணுக்கத்தின் எல்லையை வகுக்கிறது. ஒளி ஓர் அலை. குறுகிய வாய்க்குள் நுழைந்து வெளியே வரும் எந்த அலையும் விசிறிபோல விரியும். அதனால் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சின்ன வட்டமாக விழுகிறது. வட்டத்தின் விட்டம், 2.44-ஐ ஒளியின் அலைநீளத்தாலும் எஃப் எண்ணாலும் பெருக்கினால் வரும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான், எஃப் 8 என்று போட்டால் 10.7 மைக்ரான். பி1000-இன் ஒரு பிக்சல் 1.34 மைக்ரான். அதாவது மிகக் கூர்மையான ஒரு புள்ளிகூட எட்டு பிக்சல் அகலத்துக்குப் படர்ந்துதான் பதிவாகும். லென்ஸ் எவ்வளவு உயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும் இதை மீற முடியாது.

இதைக் கணக்காக நீட்டினால், முழு ஜூமில் அந்த 16 மெகாபிக்சல் படம் தாங்கக்கூடிய உண்மையான விவரம் 6 மெகாபிக்சலுக்கும் குறைவு. அதுவும் கோட்பாட்டு உச்சம். அந்த எல்லையை நெருங்க நெருங்க அடுத்தடுத்த கறுப்பு வெள்ளை வரிகளுக்கிடையே மாறுபாடு மங்கிப் பூஜ்யமாகிவிடும் என்பதால் நடைமுறையில் இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே 100 சதவீதத்தில் பார்த்து மனம் நோவது வீண் வேலை. 4608 பிக்சல் அகலப் படத்தை 2304 ஆகக் குறைத்துவிட்டு, பிறகு நல்லதா கெட்டதா என்று பாருங்கள்.

பி900-இன் 2000-இலிருந்து பி1000-இன் 3000-க்குத் தாவினால் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். நுணுக்கமோ விட்டத்தின் விகிதத்தில்தான் கூடும்: 55-இலிருந்து 67, ஏறக்குறைய 1.2 மடங்கு. எஞ்சியதெல்லாம் வெறும் ஊதல். டிஜிட்டல் ஜூம் முழுக்க முழுக்க ஊதல்தான். மெனுவுக்குள் போய் அதை அணைத்து வையுங்கள்.

சரி, சின்ன சென்சாரின் பழி எவ்வளவு?

50 மீட்டர் தொலைவில் மின்கம்பியில் ஒரு பஞ்சுருட்டான் உட்கார்ந்திருக்கிறது, நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பி1000-இல் முழு ஜூமில் அதன் நீளம் 1,600 பிக்சல். அந்த எட்டுப் பிக்சல் படர்வைக் கழித்தால், பிரித்தறியக்கூடிய வரி இணைகள் (ஒரு கறுப்பு வரியும் ஒரு வெள்ளை வரியும் சேர்ந்தது ஓர் இணை) அதிகபட்சம் 490. ஆர்எக்ஸ்10-இல் 370 பிக்சல், அதில் 180 வரி இணைகளுக்கு மேல் அடங்காது. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் உடலில் 600 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 550 பிக்சல், 275 வரி இணை. அங்கெல்லாம் லென்ஸ் தயாராக இருந்தும் பிக்சல்கள் போதவில்லை.

ஒளிக்கணக்கு இன்னும் வியப்பு. ஒரே தூரம், ஒரே ஷட்டர் வேகம் என்றால், அந்தப் பறவையின் உடலிலிருந்து கேமராவுக்குள் நுழையும் ஒளியை முடிவு செய்வது வாயின் பரப்பு மட்டுமே. சென்சாரின் அளவுக்கு அதில் வேலையே இல்லை. 600 மி.மீ., எஃப் 6.3 லென்ஸின் வாய் 95 மி.மீ.; பி1000-ஐவிட இரண்டு மடங்கு ஒளி. ஒரே ஒரு ஸ்டாப். ஒளி இரண்டு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப். சென்சார் பரப்பில் 31 மடங்கு வித்தியாசம் இருந்தும் பறவைக்குக் கிடைக்கும் ஒளியில் வித்தியாசம் இவ்வளவுதான், ஏனென்றால் பெரிய சென்சாரில் பறவை ஒரு மூலையை மட்டும் நிரப்புகிறது. மிச்சம் முழுக்க வானத்தை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது.

அதே பஞ்சுருட்டான் 10 மீட்டருக்கு வரட்டும். இப்போது ஃபுல் ஃபிரேமில் 600 மி.மீ. வைத்தாலே சட்டகத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பறவை நிரப்பிவிடும். அதே சட்டகத்துக்கு பி1000-ஐ ஜூம் குறைத்து 600-க்குக் கொண்டுவர வேண்டும். உண்மைக் குவியத் தூரம் 108 மி.மீ. ஆகிறது. எஃப் 4 என்று வைத்தாலும் வாய் 27 மி.மீ.தான். 95-க்கு எதிரே 27: ஒளியில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். ஆர்எக்ஸ்10-கூட இங்கே பி1000-ஐவிட நான்கு மடங்கு ஒளியை வாங்கும். முதுமலையில் விடிகாலை வண்டிக்கு 30 மீட்டரில் நிற்கும் காட்டெருமையும் இந்தக் கணக்கில்தான் சேரும். பெரிய விலங்கு, அருகில், அரையிருட்டில். இங்கே பிரிட்ஜ் கேமராவின் 3000 எதற்கும் உதவாது.

பறவை தொலைவில், வெயிலில் இருந்தால் பிரிட்ஜ் கேமரா தைரியமாக நிற்கும். பறவை அருகில் இருந்தாலோ ஒளி குறைந்தாலோ தோற்கும். இந்த ‘வெயில்’ என்பதை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் ஒளியுணர்வு அளவு. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்றால் ஷட்டர் 1/400 நொடி. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இது போதும். ஆனால் கை நடுக்கம் தெரியாமலிருக்க, 3000 மி.மீ.க்கு வழக்கப்படி 1/3000 வேண்டும். மீதி மூன்று ஸ்டாப்பை அதிர்வுக் குறைப்பு பார்த்துக்கொள்ளும். மேகம் மூடினால் ஒளி மூன்று ஸ்டாப் குறையும், அதே 1/400-க்கு ஐஎஸ்ஓ 800 ஆகிறது. ஆலமரத்து நிழலுக்குள் குக்குறுவான் என்றால் இன்னும் இரண்டு ஸ்டாப், ஐஎஸ்ஓ 3200. அங்கே படம் போய்விட்டது. இந்தச் சென்சாரில் 400 வரை நிம்மதி, 800 கடைசி எல்லை. ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சத்தை 800-இல் பூட்டிவிட்டு ஷட்டரை 1/200-க்கு இறக்கி, தொடர்ச்சியாக ஏழெட்டு எடுத்தால் ஒன்றாவது அசையாமல் தேறும். பறவை தலையைத் திருப்பிவிட்டு ஒரு கணம் நிற்கும் அல்லவா, விரல் அழுந்த வேண்டியது அப்போது. பறக்கும் பறவைக்கு 1/1600 வேண்டும். எஃப் 8-இல் அது வெயிலிலும் ஐஎஸ்ஓ 400 கேட்கும். போதாததற்கு பி900, பி1000 இரண்டிலும் மாறுபாட்டை அளந்து தேடும் பழைய வகை ஆட்டோ ஃபோக்கஸ். ஆகவே பறவை பறக்கும்போது எடுப்பதை மறந்துவிடுவது நல்லது. ஆர்எக்ஸ்10 மார்க் 4-இல் தேடி அலையாமல் நேராகத் தூரத்தைக் கணிக்கும், 315 புள்ளிகள் கொண்ட ஃபேஸ் டிடெக்‌ஷன் இருக்கிறது, நொடிக்கு 24 படம். பறப்பதை எடுக்க ஆசைப்பட்டால் இந்த வகையில் அதுதான்.

அந்த ஈரத் தூரிகைப் பூச்சுக்கு இன்னொரு காரணம் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. ஐஎஸ்ஓ ஏறும்போது வரும் புள்ளி இரைச்சலை மறைக்க ஜேபெக் உருவாக்கும்போதே கேமரா வழித்துவிடுகிறது. இறகின் மெல்லிய கோடுகளும் அதற்கு இரைச்சலாகத்தான் தெரியும். பி1000-இல் ரா கோப்பு (கேமரா வழிக்காமல் அப்படியே தரும் கோப்பு) உண்டு, அதில் எடுத்துக் கணினியில் அளவாகச் சுத்தம் செய்யலாம். பி900-இல் ரா கிடையாது; மெனுவில் நாய்ஸ் குறைப்பைக் குறைவில் வைப்பதுதான் ஒரே வழி. கொக்கு, அரிவாள்மூக்கன் போன்ற வெள்ளைப் பறவைகளுக்கு எக்ஸ்போஷரை மைனஸ் 0.7-க்கு இறக்குங்கள். சின்னப் பிக்சல் சீக்கிரம் நிரம்பிவிடும். வெளுத்துப்போன வெள்ளையில் இறகைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் ஆகாது.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் படத்தைக் கெடுப்பது காற்று. கூந்தன்குளத்தில் காலை ஏறிய பிறகு குளத்துக்கு மறுகரையில் நிற்கும் பூநாரையை எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து எழும் சூடான காற்றும் மேலே உள்ள குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை இப்படியும் அப்படியுமாக வளைக்கும். தார்ச்சாலையில் தெரியும் அதே கானல்தான், 3000 மி.மீ.யில் அதுவும் சேர்ந்து பெரிதாகிறது. குறை லென்ஸிலா காற்றிலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அசையாத ஒரு கிளையைப் பத்து முறை எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் கிளையின் விளிம்பு ஒவ்வொரு மாதிரி நெளிந்தால் காற்று. பத்தும் ஒரே மாதிரி மங்கல் என்றால் ஃபோக்கஸ் அல்லது லென்ஸ். காற்றுதான் என்றால் கேமராவில் செய்ய எதுவும் இல்லை. சூரியன் ஏறும் முன் வர வேண்டும், அல்லது தூரத்தைக் குறைக்க வேண்டும். ஏசி ஓடும் காரின் கண்ணாடியை இறக்கி உடனே எடுப்பதும் இதே குற்றம். எஞ்சினை அணைத்து எல்லா ஜன்னலையும் திறந்து உள்ளும் வெளியும் ஒரே சூடாகும் வரை விடுங்கள்.

முழு ஜூமில் பறவையைச் சட்டகத்துக்குள் பிடிப்பதே ஒரு பாடு. லென்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஸ்னாப்-பேக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஜூம் தற்காலிகமாகப் பின்வாங்கும். பறவையை நடுவில் வைத்துப் பொத்தானை விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். ஃபோக்கஸ் கிளைக்கும் வானத்துக்கும் அலைந்தால், பறவை இருக்கும் அதே தூரத்தில் உள்ள ஒரு தண்டில் முதலில் பூட்டிவிட்டுப் பிறகு திரும்புங்கள். முழு ஜூமில் பி1000, 7 மீட்டருக்குள் ஃபோக்கஸ் ஆகாது, பி900 5 மீட்டருக்குள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த தும்பியைப் பார்த்து கேமரா கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ட்ரைபாடில் வைத்தால் அதிர்வுக் குறைப்பை அணைத்துவிடுங்கள். நீட்டிய லென்ஸ் காற்றுக்குப் பாய்மரம்போல நிற்கும், மையக் கம்பை உயர்த்தாமல் கால்களைத் தாழ்த்தி நிறுத்துவது மேல்.

இந்தக் கேமராக்களில் கண்ணாடிக் குழுக்கள் பல, நகரும் பாகங்கள் பல. ஒன்று துளி சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். வாங்கிய வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். காலை நிழலில் ஒரு தமிழ் நாளிதழ்ப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, 25 மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை வைத்து, முழு ஜூமில் டைமரில் எடுங்கள். அந்தத் தூரத்தில் சட்டகத்தின் அகலம் 29 செ.மீ., நாளிதழ்ப் பக்கம் அதை நிரப்பிவிடும். 67 மி.மீ. வாய்க்கு அங்கே பிரித்தறியும் எல்லை கால் மில்லிமீட்டர். செய்தி எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் ‘க்’ என்றும் வலது ஓரத்தில் ‘க’ என்றும் தெரிந்தால், பில்லோடு கடைக்குப் போய் வேறு கேமரா கேளுங்கள்.