தண்டவாளத்தைக் காதால் கடக்காதீர்கள்

போன மாதம் தஞ்சை மாவட்டப் பாபநாசம் பக்கத்தில் நான் ஓட்டிய ரயிலில் ஒரு பெரியவர் அடிபட்டு இறந்துபோனார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தோளில் மண்வெட்டி. கையில் செல்போன் இல்லை, காதில் எதையும் மாட்டியிருக்கவில்லை, குடித்திருக்கவும் இல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர். கண்ணில் பட்ட நொடியிலிருந்து ஹார்னை விடவில்லை. எமர்ஜென்சி பிரேக்கும் போட்டாயிற்று. கடைசி வினாடியில்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

வண்டி நின்ற பிறகு ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். நாற்பது வருடமாக அவர் அதே இடத்தில்தான் கடக்கிறாராம். வண்டி வருவது அவருக்குக் காதிலேயே தெரிந்துவிடுமாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எஞ்சின் ஓட்டுகிறேன். இந்தச் சொல்லை இதற்கு முன்பும், இதேபோன்ற வரப்பு ஓரங்களில் நின்று கேட்டிருக்கிறேன். இனியும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் பாதையோரத்து ஊரில் பிறந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்போம். எங்கோ தொலைவில் வரும் வண்டி இரும்புக்குள் முனகும். கடிகாரம் இல்லாத வீடுகளில் வண்டிச் சத்தம்தான் நேரம் சொன்னது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இல் ரயில் வந்தது, மறு ஆண்டே திருச்சி வரை போனது. அன்றிலிருந்து ஐந்தாறு தலைமுறையாக டெல்டாக்காரனின் காது ரயிலுக்குப் பழகிய காது. பெரியவர்கள் சொல்வது பொய் இல்லை. அவர்களுக்கு உண்மையாகவே கேட்டது. அந்தப் பாதையும் அந்த வண்டியும் இன்று இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அகலம் குறைந்த பழைய மீட்டர்கேஜ் பாதையில் தண்டவாளத் துண்டுகளை வரிசையாகப் போட்டு, நடுவே சிறு இடைவெளி விட்டு, இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் சக்கரம் விழுந்து எழுந்த ஓசைதான் நம் எல்லோருக்கும் பிடித்த அந்தத் தடக் தடக். இன்று தண்டவாளங்களை நெடுந்தூரத்துக்கு ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். சக்கரம் வழுக்கிக்கொண்டு வருகிறது. விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை 2010இல் அகலப்பாதையானது. அதன்பின் மேலே கம்பி இழுத்து, டீசல் எஞ்சின் போய் மின்சார எஞ்சினும் வந்துவிட்டது. டீசல் எஞ்சினின் உறுமல் இரண்டு ஊர் தள்ளிக் கேட்கும். மின்சார எஞ்சின் அப்படியில்லை. அதில் உட்கார்ந்து ஓட்டுகிற எனக்கே வித்தியாசம் தெரிகிறது. முன்னால் பாதையைக் கடப்பவருக்கு அது வருவது எப்படித் தெரியும்? வண்டிச் சத்தத்தில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் பரவுகிறது. ரயில் நிலையத்தில் நம்மைக் கடந்து போகும் வண்டியின் இரைச்சலை வைத்து, எதிரே வரும் வண்டியும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது, கிழக்கே மயிலாடுதுறையிலிருந்து வரும் வண்டியின் சத்தத்தைக் காற்று திருப்பி அந்தப் பக்கமே தள்ளுகிறது. பக்கத்து வயலில் மோட்டாரோ அறுவடை எந்திரமோ ஓடினால் கேட்கவே வேண்டாம். இதற்கு நடுவில் ஹார்ன் இருக்கிறதே என்பீர்கள். லெவல் கிராசிங்குக்கு முன்னால் மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். அதைக் கண்டதும் ஹார்ன் அடிக்கத் தொடங்குவோம், கேட்டைத் தாண்டும் வரை அடிப்போம். நீங்கள் கடக்கும் ஒற்றையடிப் பாதைக்கு எந்தப் பலகை இருக்கிறது? அங்கே ஆள் வருவார் என்று எங்களுக்கு யார் சொல்லுவார்கள்? உங்களைப் பார்த்த பிறகுதான் என் கை ஹார்னுக்குப் போகிறது. பெரும்பாலும் அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

கண்ணும் ஏமாற்றும். நேர் எதிரே வரும் வண்டி வெகுநேரம் ஒரு புள்ளியாகவே நிற்கும், வேகமே தெரியாது. பெரிதாகத் தெரியும் பொருள் மெதுவாக வருவதுபோலவே நமக்குத் தோன்றும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் நகர்கிறது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு, சரளைக்கல்லில் கால் வைத்து, இரண்டு தண்டவாளத்தையும் தாண்டி அடுத்த சரிவில் இறங்கப் பத்து வினாடி ஆகுமா? அதற்குள் வண்டி 280 மீட்டர் வந்துவிட்டது.

"டிரைவர் பார்த்துப் பிரேக் போட்டிருக்கலாமே" என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்கிறார்கள். வலிக்கிறது. அந்த வேகத்தில் வரும் முழு நீள விரைவு வண்டி, எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். டயரும் தார்ச்சாலையும் போல் இரும்பும் இரும்பும் பிடித்துக்கொள்ளாது. கொள்முதல் நிலையங்களில் எடுத்த நம் நெல்லை 42 வேகன்களில் ஏற்றி, இரண்டாயிரம் டன்னை ஒரே எஞ்சின் இழுத்துப் போக முடிவதும் அந்தக் குறைந்த உராய்வால்தான். இழுப்பதை எளிதாக்குவது எதுவோ அதுவே நிறுத்துவதைக் கடினமாக்குகிறது. ஸ்டியரிங்கும் எங்களிடம் இல்லை. பிரேக் போட்ட பிறகு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க மட்டும்தான் முடியும். பக்கத்தில் இருந்த உதவி ஓட்டுநர் வேலைக்குப் புதிதாக வந்த பையன். அன்று இரவு ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் அவன் சாப்பிடவில்லை.

தண்டவாளத்திலேயே வேலை செய்கிற கேங்மேன்களைப் பாருங்கள். வண்டி நேரம் தெரிந்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள். அவர்களே வேலை நடக்கும்போது ஒருவரைத் தனியாக நிறுத்தி, வண்டி வருகிறதா என்று பார்ப்பதை மட்டுமே அவருக்கு வேலையாகக் கொடுக்கிறார்கள். தங்கள் காதை அவர்கள் நம்புவதில்லை. திருச்சி–தஞ்சை இப்போது இரட்டைப் பாதை. ஒரு வண்டி போனதும் உடனே கால் வைக்காதீர்கள், அதன் மறைவில் அடுத்த வண்டி எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கலாம்.

கேட் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். நீடாமங்கலத்தில் கேட் மூடினால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். வெயிலில் கைக்குழந்தையோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக இருசக்கர வண்டியைச் சாய்த்துக் கம்பத்துக்கு அடியில் நுழைக்காதீர்கள். அத்துமீறிப் பாதைக்குள் நுழைந்தால் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். மூடிய கேட்டைத் திறந்தால் 160ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை. உங்கள் வாகனம் கேட்டுக்குள் நின்றுபோனால் முதலில் எல்லோரும் இறங்கி விலகுங்கள், பிறகு கேட்கீப்பரிடம் ஓடிச் சொல்லுங்கள். வரும் ரயிலை நிறுத்த அவருக்கு வழி தெரியும். வாகனத்தைத் தள்ளிக்கொண்டு அங்கேயே நிற்காதீர்கள்.

ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அகலப்பாதையில் 2019 தொடக்கத்தோடு ஒழிந்தன. அவற்றில் பல இடங்களில் சுரங்கப்பாதை வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்பது நியாயமான குறை. ஊராட்சி மூலமாக எழுதிக் கொடுங்கள், திரும்பத் திரும்பக் கொடுங்கள். ஆனால் தண்ணீர் நிற்கிறது என்று குழந்தைகளை மேலே ஏற்றித் தண்டவாளத்தின் வழியே பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மேலே ஓடும் கம்பி இன்னொரு புதிய ஆபத்து. அதில் 25,000 வோல்ட் இருக்கிறது. கம்பியைத் தொட்டால்தானே என்று நினைத்து நிற்கிற வேகன் மீது படமெடுக்க ஏறுகிறார்கள். தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். இரண்டு மீட்டர் தூரமாவது தள்ளியே இருங்கள். தேங்காய் பறிக்கும் தொரட்டி, ஈர மூங்கில், தூண்டில் கழி எதையும் கம்பிக்கு அடியில் தூக்கிப் பிடிக்காதீர்கள். வைக்கோல் ஏற்றும் டிராக்டர்க்காரர்களே, கேட்டுக்கு இருபுறமும் உயரத் தடுப்பு வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அதற்கு அடியில் நுழையாத பாரத்தை இறக்கிக் கட்டுங்கள்.

இவ்வளவு திட்டியும், ரயிலை விட்டு விலகுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பகலில் சோழன் எக்ஸ்பிரஸில் கும்பகோணம் தாண்டிப் போகும்போது, ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால் பச்சையும், கொக்குகள் எழும்புவதும், பாலத்தின்மேல் சத்தம் சட்டென்று மாறுவதும் வேறு எந்தப் பயணத்திலும் கிடைக்காது. அதை ஜன்னலிலிருந்து பாருங்கள். வாசற்படியில் கால் தொங்கப்போட்டு உட்காராதீர்கள். நடைமேடை வந்ததும் கால்கள் அதற்கும் வண்டிக்கும் நடுவில் சிக்குகின்றன. வண்டி நகரத் தொடங்கிவிட்டால் ஏறாதீர்கள், இறங்காதீர்கள். பெட்டி உள்ளே போய்விட்டது, ஆள் வெளியே நிற்கிறார் என்றால் பெட்டி போகட்டும். 139க்கு அழைத்துச் சொன்னால் பெட்டியைத் தேட ஏற்பாடு செய்வார்கள்.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். பாதைக்கு அந்தப்பக்கம் வயல் இருக்கிற வீடுகளில், தாத்தாவையோ அப்பாவையோ ஒரு மாலை கூட்டிக்கொண்டு போய், கடக்கும் இடத்துக்கு நன்றாகத் தள்ளிப் பாதுகாப்பாக நில்லுங்கள். வண்டி வருகிற திசைக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, சத்தம் கேட்டதும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். அவர் கையைத் தூக்கும்போது வண்டி எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் பார்த்து அவருக்குச் சொல்லுங்கள்.