வீட்டு சர்வர்: பாக்கெட் எங்கே நின்றுபோகிறது?

வீட்டில் ஓடும் இணையதளம் வெளியிலிருந்து திறக்கவில்லையா? பிரவுசர் எவ்வளவு நேரம் கழித்துக் கைவிரிக்கிறது என்று முதலில் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

வழக்கமான டிசிபி இணைப்பு ‘சின்’ என்ற சிறு பாக்கெட்டோடு, அதாவது தரவுத் துண்டோடு, தொடங்குகிறது. அதற்கு உடனே ‘ரீசெட்’ பதில் வந்தால் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று திரையில் தெரியும். பாக்கெட் ஏதோ ஒரு கருவிவரை போயிருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் (எந்த நிரலுக்கு என்று குறிக்கும் வாசல் எண்) எந்த நிரலும் காத்திருக்கவில்லை, அல்லது ஃபயர்வால் (பாக்கெட்டுகளை வடிகட்டும் காவல் நிரல்) வெளிப்படையாக மறுத்துவிட்டது என்று அர்த்தம். வெகுநேரம் சுற்றிவிட்டு ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் கதை வேறு. நடுவில் ஏதோ ஒன்று பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடுகிறது. அனுப்பிய கணினியோ பதில் வராததால் அதே சின்னை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சோதனைப் பாக்கெட்) வேலை செய்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். ஐபிவி4-இல் (192.168.1.50 போன்ற பழைய முகவரி முறை) வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பெரும்பாலும் ரவுட்டர்தான் பதில் சொல்லும். சர்வர் அணைந்து கிடந்தாலும் சொல்லும்.

சோதனையை உள்ளிருந்து வெளியே நகர்த்துங்கள். சர்வரிலேயே 127.0.0.1 (ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி) திறக்கிறதா? திறந்தால், அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கருவியிலிருந்து சர்வரின் உள் முகவரியை, உதாரணமாக 192.168.1.50-ஐத் திறந்து பாருங்கள். (கெஸ்ட் வைஃபையில் வேண்டாம், அது பெரும்பாலும் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாது.) முதலாவது சரி, இரண்டாவது மறுக்கப்படுகிறது என்றால் பெரும்பாலும் வெப் சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கிறது. லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி ஆப்ஷன்களோடு (ss -tlnp) ஓட்டினால் இது தெரிந்துவிடும். அமைப்புக் கோப்பில் அதை 0.0.0.0 (எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் காத்திரு) என மாற்ற வேண்டும். மறுப்பும் இல்லாமல் தொங்கினால் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். விண்டோஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருப்பதே பல நேரம் காரணம்.

அடுத்தது ரவுட்டர். வெளியே 80, 443 போர்ட்டுகளுக்கு வருவதை 192.168.1.50-க்கு அனுப்பு என்று போர்ட் ஃபார்வர்டிங் விதி எழுதியிருப்பீர்கள். ஆனால் அந்த உள் முகவரியை டிஹெச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் முறை) தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. சர்வருக்கு வேறு எண் கிடைத்த அன்றே விதி அநாதையாகிவிடும். சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) அந்த ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

விதி சரியாக இருந்தும் டைம்அவுட் தொடர்ந்தால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வான் ஐபியையும் (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி), ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளம் தரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறா? வான் ஐபி 100.64-இலிருந்து 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. சின் பாக்கெட் நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. பொது ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது வெளியே உள்ள ஒரு விபிஎஸ்ஸுக்கு (வாடகை சர்வர்) வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் போடுங்கள். சுரங்கத்தை உள்ளிருந்து தொடங்குவதால் சிஜிநாட் தடுக்காது. வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் மோடமும் ரவுட்டரும் இரண்டு அடுக்கு நாட் (வெளி முகவரிக்கும் உள் முகவரிக்கும் இடையே மாற்றுவது) செய்கின்றன. மோடமை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் பாக்கெட்டை அப்படியே கடத்தும் நிலை) மாற்றினால் தீரும்.

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு டொமைன் பெயரைத் திறந்து பார்ப்பது சோதனையே அல்ல. 192.168.1.20-இல் உள்ள போன் பொது ஐபிக்கு சின் அனுப்புகிறது. ரவுட்டர் அதை சர்வருக்குத் திருப்புகிறது. சர்வர் பார்க்கும் அனுப்புநர் முகவரியோ அதே வீட்டுக்குள் இருப்பது; அதனால் பதிலை ரவுட்டர் வழியாக அல்லாமல் நேரே போனுக்கு அனுப்பிவிடுகிறது. பொது ஐபியிடமிருந்து பதிலை எதிர்பார்த்த போன், யாரோ 192.168.1.50 பேசுகிறது என்று அதைத் தள்ளிவிடும். பதிலும் தன் வழியாகவே வரச் செய்யும் ஹேர்பின் நாட் உள்ள ரவுட்டரில் இந்தச் சிக்கல் வராது. சில ரவுட்டர்களில் தளத்துக்குப் பதில் ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நிற்கும். எப்படியிருந்தாலும் வெளிச் சோதனைக்கு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

இன்னும் பிடிபடவில்லை என்றால், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்தான் கதி. சர்வரின் எல்லா இன்டர்ஃபேஸ்களிலும் போர்ட் 443-ஐ மட்டும் காட்டச் சொல்லி ஓடவிட்டு, மொபைலில் தளத்தைத் திறங்கள். ஒரு வரியும் வரவில்லையா? தடை ரவுட்டரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. ‘எஸ்’ (சின்) கொடியோடு அதே வரி திரும்பத் திரும்ப வந்து, பதில் எதுவும் போகவில்லையா? சர்வரின் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். உள்வரும் பாக்கெட் ஃபயர்வாலைத் தொடும் முன்பே டிசிபிடம்ப் அதைப் பார்த்துவிடும். பதில் போகிறது, ஆனாலும் ‘எஸ்’ நிற்கவில்லை என்றால் பதில் தவறான வழியில் போகிறது. சர்வரில் விபிஎன் ஓடினால் பதில் அதற்குள் புகுந்துவிடுவது வழக்கம்.

‘சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு இல்லை’ என்ற புகாருக்கு டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் பட்டியல்) பழைய ஏஏஏஏ பதிவு, அதாவது புதிய முறையான ஐபிவி6 முகவரிக்கான பதிவு, கிடக்கிறதா என்று பாருங்கள். பொது ஐபி மாறும்போது பதிவைப் புதுப்பிக்கும் டைனமிக் டிஎன்எஸ் நிரல் ஐபிவி4 முகவரியை மட்டும் புதுப்பித்துவிட்டு ஐபிவி6-ஐ அப்படியே விட்டிருக்கலாம். ஐபிவி6-க்குப் பொதுவாக நாட் கிடையாது. எனவே அந்தப் பதிவில் இருக்க வேண்டியது ரவுட்டரின் முகவரி அல்ல, சர்வரின் சொந்த முகவரி. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலிலும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

443 போதும் என்று 80-ஐ மூடுவது உடனே தெரியாத கோளாறு. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், டொமைன் உங்களுடையதா என்று பார்க்கும் ஹெச்டிடிபி-01 சோதனை போர்ட் 80 வழியாகத்தான் வரும். கையிலுள்ள சான்றிதழ் காலாவதியாகும்வரை தளம் ஒழுங்காக ஓடும். அன்று பிரவுசர் எச்சரிக்கை காட்டும்போதுதான் புதுப்பித்தல் தோற்றுக்கொண்டே இருந்தது தெரியவரும். இணைய நிறுவனமே 80-ஐ அடைத்திருந்தால் டிஎன்எஸ்-01 முறைக்கு மாறுங்கள். அதற்கு டொமைனில் ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவு போட்டால் போதும், எந்த போர்ட்டும் திறந்திருக்க வேண்டியதில்லை.