டேஷ்போர்டு எல்இடி ஏன் திருகுக்கு அடங்குவதில்லை?

பழைய கார்களில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதற்குள் இருப்பது கம்பி சுற்றிய மாறு மின்தடை. அங்கிருக்கும் குட்டி பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டால், திருகை எப்படித் திருப்பினாலும் வெளிச்சத்தில் பெரிய மாற்றம் தெரியாது. திருகு கெட்டுவிட்டது என்று அதை மாற்றுவது வீண் செலவு.

இழை பல்புகள் சில சேர்ந்து 1 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவே திருகின் தடை 10 ஓம் வந்தால் வண்டி தரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி அதிலேயே விழுந்துவிடும், பல்பு மங்கிப்போகும். ஐந்து எல்இடிகளோ, ஒன்றுக்கு 20 மில்லியாம்பியர் வீதம் 0.1 ஆம்பியர்தான் எடுக்கும். அதே 10 ஓமில் விழுவது ஏறக்குறைய 1 வோல்ட்தான். கண்ணுக்கு அது பொருட்டே அல்ல.

ஆக, எல்இடியை மங்கச் செய்ய ஓம் கணக்கில் அல்ல, கிலோ ஓம் கணக்கில் தடை வேண்டும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14.4 வோல்ட் வரை இருக்கும். வெள்ளை எல்இடி தனக்கென்று 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மின்னோட்டம் மாறினாலும் இது பெரிதாக மாறாது. மீதி 11.2 வோல்ட்டைத் தடைதான் தாங்க வேண்டும். 20 மில்லியாம்பியருக்கு 560 ஓம். இதை நிலையாகப் போட்டு, அதோடு தொடராக 10 கிலோ ஓம் திருகைச் சேர்க்கலாம். நிலையான தடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்: திருகு பூஜ்யத்துக்கு வந்த நொடியே எல்இடி கருகிவிடும். அந்த நிலையான தடை கால் வாட் என்றால் எல்லையில் நிற்கும், அரை வாட் போடுவது நல்லது.

சரி, இப்போது திருகினால்? முழுத் தடையில் 1 மில்லியாம்பியர். பாதிச் சுற்றுக்குப் பிறகும் 2தான். கடைசிப் பத்தில் ஒரு பங்கில்தான் 7லிருந்து 20க்குத் தாவுகிறது. ஓட்டம் மொத்தத் தடைக்கு எதிர்விகிதத்தில் போவதால் வரும் கோளாறு இது. எனக்குப் பிடித்த தீர்வு 5 கிலோ ஓம் திருகு. அடிமட்ட வெளிச்சம் சற்றுக் கூடும், ஆனால் கைக்குக் கொஞ்சம் அடங்கும். முழுத் தடையிலும் எல்இடி அணையாது, அதற்குத் தனி ஸ்விட்ச் தேவை.

இதெல்லாம் ஒன்றிரண்டு எல்இடிகளுக்கு மட்டுமே. 1 ஆம்பியர் இழுக்கும் எல்இடி பட்டைக்குச் சாதாரணத் திருகைப் போட்டால் அதில் சில வாட் வெப்பமாகும், புகைந்துவிடும். அங்கே பிடபிள்யூஎம் டிம்மர்தான் சரி. அது மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. நொடிக்குச் சில நூறு முறை எல்இடியை முழுதாக ஏற்றி அணைக்கிறது. ஏற்றி வைத்திருக்கும் நேரத்தின் பங்குதான் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. அதிலும் ஒரு திருகு இருக்கும், ஆனால் எல்இடியின் மின்னோட்டம் அதன் வழியே போகாது.