மாற்று சேசிஸ் இல்லாத அணி

2024 மார்ச், மெல்பர்ன். ஃபார்முலா ஒன் கார் பந்தயமான ஆஸ்திரேலிய கிராண்ட் பிரியின் முதல் பயிற்சி ஓட்டத்தில் வில்லியம்ஸ் அணியின் அலெக்ஸ் ஆல்பன் தடுப்புச் சுவரில் மோதினார். அங்கேயே வைத்துச் சரிசெய்ய முடியாத அளவுக்கு சேசிஸ், அதாவது காரின் அடிப்படைக் கூடு, சேதமாகிவிட்டது. இப்படி நேரலாம் என்றுதான் ஃபார்முலா ஒன் அணிகள் தங்கள் இரண்டு கார்களுக்கும் மாற்றாக மூன்றாவது சேசிஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோகும். வில்லியம்ஸின் மூன்றாவது சேசிஸ் இன்னும் செய்து முடிக்கப்படவில்லை. அணியின் மற்றொரு ஓட்டுநர் லோகன் சார்ஜன்டின் காரை வாங்கி ஆல்பனிடம் கொடுத்தார்கள். ஒரு தவறும் செய்யாத சார்ஜன்ட் பந்தயத்தை ஓரமாக நின்று பார்த்தார். ஆல்பன் 11-ஆவதாக வந்தார். முதல் பத்துப் பேருக்குத்தான் புள்ளி.

நான் கோவையில் அடக்கவிலைக் கணக்காளராக இருக்கிறேன். சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளின் இருப்பையும் உற்பத்திச் செலவையும் பார்ப்பது என் வேலை. எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2006, 2007 ஆண்டுகளில் வில்லியம்ஸின் சோதனை ஓட்டுநராக இருந்தார். அன்று முதல் இந்த அணியைக் கவனித்து வருகிறேன். மெல்பர்ன் செய்தியைப் படித்தபோது ரசிகனாக வருத்தப்பட்டேன், கணக்காளனாகப் பயந்தேன். நான் அன்றாடம் நுழைந்து வெளிவரும் ஸ்டோர்ஸ் அறைகளின் கதை அது.

2023-இல் அணியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் வவுல்ஸ், தாம் அங்கே கண்டதைப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். காரின் சுமார் 20,000 உதிரிபாகங்களும் ஒரே ஓர் எக்செல் தாளில் பதிவாகி வந்தன. ஒரு பாகத்துக்கு என்ன செலவு, செய்து முடிக்க எத்தனை நாள், ஆர்டரில் எத்தனை இருக்கின்றன என்பதை அதில் தேடி எடுக்க முடியவில்லை. ஒன்பது முறை அணிகளுக்கான உலகப் பட்டத்தை வென்ற நிறுவனத்தின் நிலை இது.

சில ஆண்டுகளுக்கு முன் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு குடும்ப நிறுவனத்துக்குப் போனேன். இருப்புப் பதிவேட்டைக் கேட்டேன். “ஸ்டோர்ஸ் அண்ணனைக் கேளுங்கள் சார், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது” என்று முதலாளி பெருமையோடு சொன்னார். அந்த அண்ணனுக்கு வயது 61. அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் தொழிற்சாலையே படுத்துவிடும் என்று சொன்னேன். முதலாளிக்குக் கோபம் வந்தது. விற்பனை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. யாருக்குத்தான் கோபம் வராது?

வில்லியம்ஸின் சரிவுக்கும் அப்படி ஓர் உச்ச ஆண்டு உண்டு. ஃபிராங்க் வில்லியம்ஸும் பொறியாளர் பேட்ரிக் ஹெட்டும் 1977-இல் தொடங்கிய அணி, 1979-இல் சில்வர்ஸ்டோனில் முதல் வெற்றியைப் பெற்றது. அடுத்த ஆண்டே உலகப் பட்டம். 1986-இல் பிரான்சில் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் ஃபிராங்க் அணியை விடவில்லை. அந்த மனிதரின் உறுதியை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. 1992 முதல் 1997 வரையிலான ஆறு ஆண்டுகளில் அணிகளுக்கான பட்டம் ஐந்து முறை அவர்களிடம் வந்தது. அதில் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவிக்கும் ரெனோ எஞ்சினுக்கும் பெரும்பங்கு.

அணியின் முக்கிய முடிவுகளில் தமக்கும் பங்கு வேண்டும் என்று நியூவி விரும்பினார். அது கிடைக்கவில்லை. 1996-இன் இறுதியில் விலகி, போட்டி அணியான மெக்லாரனுக்குப் போனார். 1997-இல் வில்லியம்ஸ் மறுபடியும் பட்டம் வென்றது. ஓடியது பெரும்பாலும் அவர் வடிவமைத்த கார். அந்த ஆண்டோடு ரெனோவும் விலகியது. 1998-இல் பட்டம் மெக்லாரனுக்குப் போனது. வில்லியம்ஸுக்கு இன்றுவரை இன்னொரு பட்டம் இல்லை. ஆள் போன ஆண்டிலும் கோப்பை வருகிறது என்பதை என் வாடிக்கையாளர்களிடம் நான் ஓயாமல் சொல்கிறேன். திறமையான டிசைன் பொறியாளர் விலகிய வருடத்தில் லாபம் குறையாது. பழைய அச்சுகளும் பழைய ஆர்டர்களும் ஓடிக்கொண்டிருக்கும். “அவர் போனால் என்ன, பாருங்கள்” என்று முதலாளிகள் அந்த வருடத்து லாபக் கணக்கை என்னிடம் நீட்டுவார்கள்.

2000-இல் எஞ்சின் வழங்கிய பிஎம்டபிள்யூ பிறகு அணியையே வாங்க விரும்பியது. ஃபிராங்க் விற்கவில்லை. 2005-இன் முடிவில் பிஎம்டபிள்யூ சாபர் அணியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. சொந்தக் காலில் நிற்க நினைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான பணமும் ஏற்பாடும் இருக்கவில்லை. அடுத்த எட்டு ஆண்டுகளில் காஸ்வொர்த், டொயோட்டா, மறுபடி காஸ்வொர்த், ரெனோ என்று எஞ்சின்கள் மாறின. 2012-இல் ஸ்பெயினில் பாஸ்டர் மால்டொனாடோ பெற்றதுதான் அவர்களது கடைசி வெற்றி.

என்னைப் பொறுத்தவரை மிக ஆபத்தான காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. 2014-இல் விதிகள் மாறின. அந்த ஆண்டு களத்தில் மிகச் சிறந்த எஞ்சின் மெர்சிடிஸ். அதை வில்லியம்ஸ் வாங்கியிருந்தது. 2014, 2015 இரண்டிலும் மூன்றாம் இடம். மீண்டுவிட்டோம் என்று எல்லோரும் நம்பினார்கள். எஞ்சினின் பலம் தொழிற்சாலையின் பலவீனத்தை மூடி வைத்திருந்தது. மற்ற அணிகள் எஞ்சினில் நெருங்கி வந்ததும் மூடி திறந்துகொண்டது. 2018-இல் கடைசி இடம். 2019-இல் பார்சிலோனாவில் சோதனை ஓட்டம் தொடங்கியபோது கார் தயாராகவில்லை. முதல் இரண்டு நாட்களும் வீணாகின. அந்த ஆண்டு முழுக்க ஒரே ஒரு புள்ளி. 2020-இல் அதுவும் இல்லை. முதன்மை விளம்பரதாரரும் விலகிய அந்த ஆண்டு ஆகஸ்டில், 15.2 கோடி யூரோவுக்கு அணி ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த மாதம் மான்சா பந்தயத்தோடு ஃபிராங்கின் குடும்பம் பொறுப்பிலிருந்து விலகியது.

புதிய உரிமையாளரிடம் பணம் இருந்தும் எல்லாவற்றையும் உடனே வாங்கிப் போட முடியவில்லை. 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. இயந்திரங்கள், மென்பொருள் போன்ற முதலீடுகளுக்கும் தனி வரம்பு. செழிப்பான காலத்தில் செய்யாமல் விட்டதைப் பின்னால் செய்ய நினைத்தபோது விதியே குறுக்கே நின்றது. பின்தங்கிய அணிகளுக்குச் சற்றுத் தளர்வு பிறகுதான் கிடைத்தது. நம் ஊர்த் தொழிற்சாலைக்கு அந்த உச்சவரம்பு வங்கி மேலாளரின் வடிவில் வரும். ஆர்டர் குவியும் ஆண்டில் தாமாகவே கடன் தருகிறேன் என்பவர், சரிந்த பிறகு ஒரு லேத் வாங்கக்கூட யோசிப்பார்.

2024-இல் வவுல்ஸ் அந்த எக்செல் தாளைக் கைவிட்டுப் புதிய முறைக்கு மாறத் தொடங்கினார். மாறும் காலத்தில் வேலை இன்னும் தாமதமானது. மெல்பர்னில் மாற்று சேசிஸ் இல்லாமல் போனதும் அந்தக் குழப்பத்தின் நடுவில்தான். அதைத் தாங்கிக்கொண்டார்கள். 2025 செப்டம்பரில் பாகுவில் வில்லியம்ஸின் ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் மூன்றாவதாக வந்து மேடையேறினார்.

பம்ப் நிறுவனத்தின் முதலாளி நான்கு மாதம் கழித்து அழைத்தார். ஸ்டோர்ஸ் அண்ணனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக இறக்கி எண்ணினோம். 11 நாட்கள் ஆயின. இரண்டு வருடத்துக்குப் போதுமான புஷ்கள் ஒரு மூலையில் கிடந்தன. தினமும் ஓடும் மாடலுக்கான சீல் நாற்பதுதான் இருந்தது. அதற்கு ஆர்டர் போட்டாயிற்று என்று மூவர் சொன்னார்கள். யாரும் போட்டிருக்கவில்லை.