பால் பொங்கி அணைந்த அடுப்பும் 25 மில்லிவோல்ட்டும்

"அம்மாவுக்கு 76 வயது. பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவருக்கு வாசனையே தெரியவில்லை. எப்படி?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

எல்பிஜிக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டானைத் துளியளவு கலக்கிறார்கள். வயது ஏற ஏற மூக்கின் நுகர்செல்கள் குறைவதால் பலருக்கு அந்த நாற்றம் எட்டுவதே இல்லை. கேஸோ காற்றைவிடக் கனம். தரையோடு படரும், காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே மூக்கை நம்பக்கூடாது. தீ அணைந்ததை அடுப்பே உணர வேண்டும்.

உணரும் அடுப்புகள் இருக்கின்றன. கடையில் 'ஃபிளேம் ஃபெயிலியர் டிவைஸ்' என்று கேளுங்கள். பர்னர் ஓரத்தில் பென்சில் முனை போல ஒரு உலோகக் குச்சி தீயைத் தொட்டபடி நிற்கும். அதுதான் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கி மறுமுனையைக் குளிராக வைத்தால் மின்னோட்டம் பிறக்கும். 1821-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஸீபெக் இதைக் கண்டது காந்த ஊசி அசைந்ததை வைத்து. அதனால் வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் எண்ணினார்.

கிடைப்பது சுமார் 25 மில்லிவோல்ட். டார்ச் செல்லில் அறுபதில் ஒரு பங்கு! இதை வைத்து எப்படி ஒரு வால்வைத் திறப்பது? திறக்க வேண்டாம் என்பதில்தான் அழகே இருக்கிறது. வால்வை மூடவே ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் திறப்பது நம் விரல்: திருகை அழுத்தும்போது வால்வோடு இணைந்த இரும்புத் தகடு, தெர்மோகப்பிளின் மின்சாரம் ஓடும் மின்காந்தத்தோடு போய் ஒட்டுகிறது. தூரத்தில் இருக்கும் இரும்பை இழுக்கத்தான் பலம் வேண்டும். ஒட்டிய இரும்பைப் பிடித்துவைக்க அந்தச் சொற்ப மின்சாரமே போதும். முனை சூடேறும்வரை, சில விநாடிகள், திருகை அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். தீ அணைந்தால் முனை ஆறும், பிடி தளரும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பேட்டரி இல்லை, கரண்ட் வேண்டாம். கம்பி அறுந்தாலும் கேஸ் நின்றுவிடும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டே இடத்தில். பொங்கிய பால் முனையில் கருகி ஒட்டினால் சூடு ஏறாது. ஆறிய பின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும். பின்னால் குச்சியின் கம்பியை வால்வோடு இணைக்கும் நட்டு தளர்ந்தாலோ எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலோ, இவ்வளவு குறைந்த வோல்ட்டேஜ் அந்தச் சிறு தடையைக்கூடத் தாண்டாது. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். மூட்டுவலிக்காரருக்கு அழுத்திப் பிடிப்பது சிரமம். திருகு பெரிதாகவும் முன்பக்கமும் உள்ள அடுப்பாக வாங்குங்கள்.

கண்ணாடி மேடைக்கும் வண்ணத்துக்கும் கூடுதல் காசு கொடுக்கிறோம். இந்தக் குச்சி இல்லாத அடுப்பை விற்கவே கூடாது என்பது என் கருத்து.

ஒன்று கவனம்: டியூப் கசிந்தால் இது காக்காது. அதற்குத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கேஸ் அலாரம் மாட்டி, டியூபை 5 ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். கசிவு தெரிந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.

சோதிப்பதும் எளிது. அடுப்பை மூன்று நிமிடம் எரியவிட்டு, ரெகுலேட்டரை மூடுங்கள். தீ அணையும். திருகைத் தொடாமல் காது கொடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் வால்வு மூடும் ஓசை 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திருகை மூடிவிட்டு, சரிசெய்யும்வரை அந்தப் பர்னரில் பால் வைக்காதீர்கள்.