மௌனம் சம்மதம் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை

இந்தப் பருவத்தில் இது மூன்றாவது முறை. பதினோராவது வாரம், ஒப்படைக்கப் பத்து நாள்கூட இல்லை, பல நாட்டு மாணவர்கள் சேர்ந்த ஒரு புராஜெக்ட் குழுவிலிருந்து மூன்று பேர் வந்து நிற்கிறார்கள்: "நாலாவது ஆள் எதுவுமே செய்யவில்லை, கூட்டத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார், அறிக்கையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாமா?"

அந்த மாணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் நோட்டில் மூன்றாவது வாரத் தேதியிட்டு ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பு. பிறரிடம் பதில் வாங்கக் குழு தயாரித்த கேள்வித்தாளின் நான்காவது கேள்வி ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது, பதில் எதற்கு வந்தது என்றே தெரியாது என்று எழுதி வைத்திருக்கிறார். இதை ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருக்கிறார். குழு வாட்ஸ்அப்பில் "கேள்விகளை இன்னொரு தடவை பார்க்கலாமோ?" என்று கேட்டிருக்கிறார். ஒருவர் கட்டைவிரல் போட்டிருக்கிறார், அப்புறம் பேச்சு ஸ்லைடு நிறத்துக்குப் போய்விட்டது. அவர் வளர்ந்த விதத்தில் அது பலமான மறுப்பு. மற்ற மூவருக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. கடைசியில் அந்தக் கேள்விக்கு வாங்கிய பதில் அத்தனையும் வீண்.

மௌனம் சம்மதம் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். பல நாட்டவர் சேர்ந்த குழுவில் தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். நாம் சொல்கிற "சரி"யையே பாருங்கள்: ஒப்புக்கொள்கிறேன் என்றும் இருக்கலாம், காதில் விழுந்தது என்றும் இருக்கலாம், பேச்சை இதோடு விடு என்றும் இருக்கலாம். ஒரே மொழிக்குள்ளேயே இப்படி என்றால், நான்கு தாய்மொழிகள் இருக்கிற மேசையில் தலையாட்டலை வைத்து எப்படி முடிவெடுக்கிறீர்கள்? சில சமூகங்களில் பாதிச் செய்தி சொல்லாமலே போய்ச் சேரும், சிலவற்றில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கு என்று மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976லேயே எழுதிவிட்டார். இதே காரணத்தால் நேராகப் பேசுகிறவரைத் திமிர் பிடித்தவர் என்பதும் நடக்கிறது.

இன்னொன்று, நேரம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, பதில் வராமல் போவது குறைகிறது என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இரண்டாம் மொழியில் வாக்கியம் கோர்த்துக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் அந்த ஒரு விநாடியாவது தருகிறீர்களா?

உடனே "அந்த நாட்டுக்காரர்கள் எல்லாம் அப்படித்தான்" என்று கிளம்பாதீர்கள். நாடுகளின் பண்பாட்டை மதிப்பெண் போட்டு ஒப்பிடும் ஹாஃப்ஸ்டெட் எண்களை எடுத்துக்கொண்டு வரும் மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், அவை நாட்டுச் சராசரிகள், அடித்தளத் தரவு ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்தது, பக்கத்து நாற்காலியில் இருப்பவரை அளக்க அவை உதவாது.

உண்மையிலேயே வேலை செய்யாதவர்களும் உண்டு, மறுக்கவில்லை. கூட்டமாகக் கைதட்டும்போது ஆளுக்கு ஆள் சத்தம் குறைகிறது என்று 1979இல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று தெரிகிற இடத்தில் இந்தத் தட்டிக்கழிப்பு குறையும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள், "எல்லோரும் சேர்ந்து" என்று எழுதாதீர்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், 05/06 என்பது சிலருக்கு ஜூன் 5, சிலருக்கு மே 6, இதனால் கெடு தவறிய குழுவையே பார்த்திருக்கிறேன். முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரும் தன் கருத்தை இரண்டு வரி எழுதட்டும், பேச்சு அதற்குப் பிறகு. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "நீ எங்கிருந்து ஆரம்பிக்கப் போகிறாய்?" என்று கேளுங்கள்.

அதிகம் பேசாத மாணவர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். "பார்க்கலாமோ" வேண்டாம். "நான்காவது கேள்வி தவறு, காரணம் இது" என்று எழுதிவிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அப்படியும் கவனிக்கவில்லை என்றால் அந்த வாரமே வழிகாட்டும் ஆசிரியரிடம் போங்கள். மூன்றாவது வாரத்தில் வந்தால் ஒரு கேள்வியைத் திருத்திவிடலாம், பதினோராவது வாரத்தில் என்னால் ஆறுதல்தான் சொல்ல முடிகிறது.