ஹைவேயில் பறக்கும் கார் ஏலகிரியில் ஏன் திணறுகிறது?

கோடை லீவு தொடங்கினால் எங்கள் ஷெட்டுக்கு ஒரே மாதிரி புகார் வர ஆரம்பிக்கும். "பெங்களூர் ரோட்டுல நூறுல போகுதுங்க, மலை ஏறும்போது மட்டும் இழுக்கல." பெரும்பாலும் கூடவே தீர்ப்பையும் கொண்டு வந்துவிடுவார்கள்: இன்ஜெக்டர் அடைப்பு, எத்தனால் பெட்ரோல், டர்போ போயிடுச்சு.

சமதளத்தில் ஒரே சீராக ஓட, எஞ்சினால் தர முடிந்ததில் ஒரு பங்கு சக்தியே போதும். பாதி அடைத்த ஃபில்டரோடும் காட்பாடி மேம்பாலத்தை ஏறி இறங்கிவிடலாம். ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியில் ஆரம்பித்து 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது அப்படி இல்லை. எஞ்சின் விடாமல் உழைக்க வேண்டும், ஒளிந்திருந்த குறை அங்கேதான் வெளியே வரும். அதனால் நின்ற வண்டியில் பானெட்டைத் திறந்து, ஐடிலிங் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு இந்தப் பாகத்தை மாற்றுங்கள் என்று யார் சொன்னாலும் காசை எடுக்காதீர்கள். பாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எல்லாத் திணறலும் கோளாறு இல்லை. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினில் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். சின்ன பெட்ரோல் காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது, ஓட்டுபவர் மூன்றாம் கியரைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறார் என்றால் வண்டி என்ன செய்யும்? வளைவுக்கு முன்பே செகண்ட் போடுங்கள். போன வருஷம் இதே ஆட்களோடு ஏறிய வண்டி இந்த வருஷம் ஏறவில்லை என்றால்தான் எங்களிடம் வர வேண்டிய விஷயம்.

வந்தவரிடம் நான் முதலில் கேட்பது ஆர்பிஎம் முள்ளைப் பற்றி. மிதித்தால் முள் விறுவிறுவென்று ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லையா? எஞ்சின் நன்றாக இருக்கிறது, கிளட்ச் ஸ்லிப் அடிக்கிறது. காலியான ரோட்டில் நான்காம் கியரில் 50-ல் போய் முழுதாக மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கருகிய வாடையும் வந்தால் சந்தேகமே வேண்டாம். முள்ளே ஏறவில்லை என்றால் எஞ்சின் பக்கம் போக வேண்டும். அதற்கு முன், கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு வீல் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

பெட்ரோல் வண்டியில் முக்கால்வாசி பிளக், காயில், ஏர் ஃபில்டரிலேயே முடிந்துவிடும். செக் எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மலை ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதியை உருக்கி அடைத்துவிடும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது பெரிய செலவாகிவிடும். அடைத்ததை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு காலிக் குழாயாக மாட்டித் தருகிறவர்கள் உண்டு. வண்டி அன்றைக்கு நன்றாக இழுக்கும், புகைச் சோதனையில் மாட்டுவீர்கள். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டாலும் அதுவும் அடைக்கும்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு அதில் எரிசக்தி குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கும். ஆனால் தினமும் அதே பெட்ரோலில் ஓடுகிற வண்டி திடீரென்று ஒரு மலையில் நின்றால் பழியை அதன்மேல் போட முடியாது.

டீசலில் புகையைப் பார்ப்பேன். கரும்புகை கக்கிக்கொண்டு திணறினால் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் மந்தமாக இருந்தால் டீசல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, அல்லது அதில் தண்ணீர். புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையான பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் புகை பெரும்பாலும் வெளியே தெரியாது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைத்தான் நம்ப வேண்டும்.

காற்று போதாமல் திணறிய ஒரு டீசல் கார், பிஎஸ்6-க்கு முந்தைய பிஎஸ்4 வண்டி, குடியாத்தத்திலிருந்து வந்தது. வேறு இடத்தில் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. பத்தலப்பள்ளி மலைப்பாதையில் பழைய கதைதான். ஸ்கேனரை மாட்டி, ஓனரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் கியரில் முழுதாக மிதிக்கும்போது கம்ப்யூட்டர் கேட்ட காற்றழுத்தம் 210 கிலோபாஸ்கல், கிடைத்தது 140-ஐத் தாண்டவில்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம் வேறு. டர்போ போய்விட்டது என்று இங்கேயே எழுதிக் கொடுத்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டியைத் தூக்கி, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பார்த்தேன். மேலே பளபளவென்று இருந்தது. அடிப்பக்கம் கிளிப்புக்கு ஒட்டி, விரல் நீளத்துக்கு எண்ணெய் கசிந்து அதில் ரோட்டுத் தூசி கறுப்பாகப் படிந்திருந்தது. கையால் மடக்கியதும் பிளவு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. ஐடிலிங்கில் அழுத்தம் இல்லாததால் அது திறக்கவே திறக்காது. ஹோஸும் கிளிப்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது, டர்போவைத் தொடவே இல்லை.

ஏறும் வழியில் சக்தி போய்விட்டால் வளைவில் நிறுத்தாமல், முடிந்தவரை நேர் ரோட்டில் ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக்கோடு பின் வீலுக்கு இறக்கப் பக்கமாகக் கல் வையுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. ஆஃப் செய்து ஆன் செய்ததும் வண்டி பழையபடி இழுத்தால், பெரும்பாலும் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சக்தியைத் தானே குறைத்திருக்கும். காரணம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். எந்தக் கியர், எத்தனை ஆர்பிஎம், புகை வந்ததா, ஏசி ஓடியதா என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் பதிவு அழிந்துபோக வாய்ப்பு உண்டு.